விண்கல்லும் ரவுடியும்

அரியலூர், பெரம்பலூர்காரங்களுக்கு விண்கல் கதை புதுசில்லை. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர் காலம் முடிந்ததே, அந்தக் காலத்துப் பாறைகள் நம்ம மண்ணில் இருக்கு. கல்லமேட்டில் டைனோசர் எலும்பே கிடைச்சிருக்கு. அதனால் 'டிக் டிக் டிக்' (2018) படத்தை ஆசையாகப் பார்த்தேன். தமிழில் விண்வெளிப் படம் எடுத்த துணிச்சல் பிடித்தது. ஆனால் நாயகன் மாட்டுகிற இடமெல்லாம் ஏதாவது வித்தை காட்டித் தப்பிவிடுகிறார். அப்புறம் விண்கல் மேல் பயம் எப்படி வரும்?

'இன்று நேற்று நாளை' (2015) சின்னப் படம்தான். அதில் கடந்த காலத்துக்குப் போனவர்களால், சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். பிறகு அவனே அவர்களுக்கு வினையாகிறான். ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளில் ஒரு வரியை மாற்றிவிட்டு முழித்தவர்களுக்கு இது நல்லாவே புரியும். அறிவியல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும், பரவாயில்லை. செய்ததற்கு விளைவு இருந்தால்தாங்க த்ரில்லர்.