ஒரு சாண் உயரத்து அடி

பழவேற்காட்டில் சுவரைத் துளைக்கும்போது கொட்டும் தூளைப் பார்த்தே அது எந்தக் காலத்துச் சுவர் என்று சொல்லிவிடலாம். செக்கச்செவேலென்று மெத்தென விழுந்தால் பழைய செங்கல். நடுவே வெள்ளை கலந்து வந்தால் சுண்ணாம்புக் காரை. பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் ஒரு காலத்தில் சுண்ணாம்பு எடுத்தார்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் மாவாகப் பறந்தால் ஃபிளை ஆஷ் கல். நறநறவென்ற சத்தத்தோடு, வெளிறிய தூள் கஞ்சத்தனமாகக் கொஞ்சமே வந்தால் காங்கிரீட். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் இது. 2004 சுனாமிக்குப் பிறகு குப்பங்களில் காங்கிரீட் வீடுகள் வந்ததும் இங்கேதான். (தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைப் பக்கம் மட்டும் யாரும் மெஷினோடு போய்விட வேண்டாம்.)

இப்படிப்பட்ட ஊரில் வேலைக்குப் போகிறவர் எந்த பேட்டரி மெஷினை வாங்குவது? கடைக்காரர் முதலில் வோல்ட்டைச் சொல்வார். அதை ஒதுக்கிவிட்டு, மெஷின் எப்படி அடிக்கிறது என்று கேட்பதுதான் ரசனை தெரிந்தவருக்கு அழகு.

ஹேமர் ட்ரில் என்று விற்கப்படுவதன் உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று உருண்டு ஏறி இறங்கும்போது, பிட்டைப் பிடித்திருக்கும் சக் மொத்தமும் முன்னும் பின்னும் அதிரும். மக்கிட்டாவின் டி.எச்.பி. 484 மெஷினில் நிமிடத்துக்கு 30,000 அடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் சின்னத் தட்டல். அந்தத் தட்டலும் ஆள் பின்னாலிருந்து அழுத்தினால்தான் விழும். செங்கல்லுக்கு இது தாராளம். காங்கிரீட் பீமில் வைத்தால் கீச்சென்று கத்தும், பிட் சிவக்கச் சூடேறும், தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கும், துளை மட்டும் விழாது.

ரோட்டரி ஹேமர் வேறு சாதி. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஒரு சின்னச் சுத்தியலைத் தள்ள, அது நேராக பிட்டின் முதுகில் போய் அடிக்கும். எஸ்.டி.எஸ். பிளஸ் பிட்டின் காம்பு 10 மி.மீ. கனம், அதில் காடி வெட்டியிருப்பதால் சக்கினுள் தாராளமாக முன்பின் நகரும். அடி நேரே பிட்டுக்குத்தான், சக்குக்கு அல்ல. அதே மக்கிட்டாவின் டி.எச்.ஆர். 202 நிமிடத்துக்கு 4,000 அடிதான் அடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு அடியும் ஏறக்குறைய 2 ஜூல்: ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவோ அவ்வளவு. இதை அழுத்தக் கூடாது, தாங்கிப் பிடித்தால் போதும். அழுத்த அழுத்த வேலை கெடும். செங்கல்லில் பழகிய கைக்கு இதுதான் முதலில் பிடிபடாது.

வேலை தெரிந்தவர் முதலில் மெதுவாக, அடி இல்லாமல் ஒரு பள்ளம் எடுப்பார். பிட்டில் ஆழத்துக்கு அளவாக இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். பிறகு அடியைப் போட்டு, நடுநடுவே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுவார். திடீரென்று சத்தம் கணகணத்து, தூள் நின்றுபோனால் உள்ளே கம்பி. உடனே விரல் ட்ரிக்கரை விட்டுவிடும். கடைசியில் ஒரு ரப்பர் பந்தால் துளையை ஊதிச் சுத்தம் செய்வார். தூள் தங்கிய துளையில் ஆங்கர் போல்ட் பிடிக்காது. மூக்கில் துணி கட்டுகிறவர் இன்னும் குறைவு என்பது வருத்தம். காங்கிரீட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை விடாது.

சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் ஹாலோ பிளாக்குக்கும் அடியே வேண்டாம். சுற்றல் மட்டும் போதும். அடித்தால் காரை உதிர்ந்து துளை அகலும். பிளாக்கின் உள்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். ஒன்றரை, இரண்டு கிலோவில் அடக்கமாக இருக்கும் ஹேமர் ட்ரில்லுக்கு மதிப்பு வருவது இங்கேதான், அதுவும் அதன் பெயரிலுள்ள ஹேமரை அணைத்துவிட்ட பிறகு! வயர் மேனுக்கு, கதவு மாட்டுகிறவருக்கு அது போதும். காங்கிரீட்டில் நாள் முழுதும் பத்து, பன்னிரண்டு மி.மீ. துளை போடுகிறவர் மூன்றரைக் கிலோ சுமந்தாலும் ரோட்டரிதான் வாங்க வேண்டும்.

வோல்ட்டுக்கு வருவோம். ஒரு கம்பெனி 18 என்கிறது, டிவால்ட் 20 என்கிறது. இரண்டிலும் வரிசையாக ஐந்து லித்தியம் செல்தான். வேலை ஓட்டத்தில் கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் அளந்தால் 20. ஆம்பியர் ஹவர்தான் பார்க்க வேண்டியது: 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் 90 வாட் ஹவர். இரண்டு பேட்டரி இல்லாமல் படகேறி அக்கரைக் குப்பத்துக்குப் போகிறவர் பாதி வேலையோடு திரும்புவார். கரண்ட் இணைப்பு வராத புதுக் கட்டடத்தில் கேட்டு வாங்க பக்கத்து வீட்டு பிளக்கும் இருக்காது.

உப்புக்காற்று இந்த ஊரில் எல்லாவற்றையும் தின்னும். பேட்டரியின் செம்பு முனையில் பச்சை பூக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வைத்தால் தப்பும். சக்கில் ஒரு சொட்டு எண்ணெய், எஸ்.டி.எஸ். காம்பில் கொஞ்சம் கிரீஸ். வெயிலில் கிடந்து சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போடக் கூடாது. நல்ல சார்ஜர் தானே மறுத்துவிடும். பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், தேய்ந்து மாற்றக் கார்பன் இல்லை. மாட்டும் போல்ட்டு சாதா இரும்பாக இருந்தால் சில மழைக்காலத்தில் துரு ஊதிக் காங்கிரீட்டையே விரியவைக்கும். கடலோரத்துக்கு 316 ஸ்டெயின்லெஸ் நல்லது. விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் சுளிப்பது உறுதி.

மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பிட்டில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிற வழக்கம்தான் புரியாத புதிர். முனையில் இரண்டு வெட்டு மட்டுமுள்ள மலிவு பிட் கம்பி குறுக்கிட்டால் அதைக் கவ்விக்கொண்டு மணிக்கட்டை முறுக்கும். நான்கு வெட்டுள்ள டங்ஸ்டன் கார்பைடு பிட் கவ்வாமல் விலகும், துளையும் வட்டமாக விழும். கொக்கி மாட்டிய பிறகு ஆடுமா ஆடாதா என்பது அந்த வட்டத்தில்தான் இருக்கிறது.