மூக்களவும் முகப்பூச்சும்

சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் ஆட்களையும் நிறுத்திவைத்து மூக்கை அளந்தவர். 1909இல் அது ஏழு தொகுதிகளாச்சு. மூக்கு அகன்றால் சாதி தாழ்வு என்று ரிஸ்லி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அதுக்குப் பேரு விஞ்ஞானம்.

1948இல் 'தீண்டப்படாதவர்கள் யார்?' எழுதிய அம்பேத்கர், இந்த மூக்களவுகளையே எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று காட்டினார். அவங்க அளவுகோலை வச்சே அவங்களை மடக்கினார். வரலாற்றெழுத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம். ஆனால் நூல் இனத்தோடு நின்றுகொள்கிறது, அழகுக்குள் போகவில்லை. அது அவர் எடுத்துக்கொண்ட வேலையுமில்லை, நாம் செய்திருக்க வேண்டியது.

ஏனென்றால் அளப்பது நிற்கவில்லை. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டையைக்கூடக் கொடுத்தார்கள்; அதை 2019இல்தான் விட்டார்கள், பெயரை 2020இல். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்துப் புழுதியோடு வருகிறவர் வீட்டு அலமாரியிலும் அந்த டியூப் இருந்தது. பொண்ணு பார்க்க வர்றவங்க, "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். நம் கதைகளிலும் கதாநாயகி இப்படித்தான் வருகிறாள். அந்த 'இருந்தாலும்' தர்ஸ்டன் கோல்தானே? நம் விமர்சகர்கள் அதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போவது ஏன்?