காதலும் காணியும்: ஒரு சீனத் தொடர் பற்றிய குறிப்பு

2023இல் வெளிவந்த, ‘காற்று வீசும் இடத்துக்கு’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட சீனத் தொலைக்காட்சித் தொடரை வெறும் பொழுதுபோக்கென நாம் ஒதுக்குவதற்கில்லை. தோழியின் மரணத்தால் நிலைகுலைந்து, பெய்ஜிங் விடுதிப் பணியைத் துறந்து யுன்னான் கிராமமொன்றுக்கு வருகிறாள் லியூ யிஃபெய் நடிக்கும் நாயகி. நகர உத்தியோகத்தை விட்டு ஊர் திரும்பிய நாயகன் மரச்செதுக்கு, பூத்தையல் முதலிய கைத்தொழில்களுக்கு வாழ்வளிக்க முனைகிறான். இவர்களது காதல் உழைப்பினூடே வளர்வதனாலேயே நாம் அதனைச் சுவைக்கின்றோம்.

எனினும், ஊரின் மீட்சியை உல்லாசப் பயணத்துறையோடு பிணைக்கும் இத்தொடரில் நிலவுடைமை பற்றிய வினா மையத்துக்கு வருவதில்லை. 2009இன் பின்னர் வன்னி மக்களுக்கு அதுவே முதல் வினாவாயிற்று. 2017இல் கேப்பாப்புலவு மக்கள் வீதியோரத்தில் அமர்ந்து கேட்டது, இராணுவத்தின் வசமிருந்த தம் சொந்தக் காணிகளையே. நாயகன் தன் விருப்பால் ஊர் திரும்பினான். இவர்களோ அதற்காகப் போராட வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை மறவாது சுவைப்பதே நமக்குரிய இரசனையாகும்.