லகாடோக் கழகத்தின் மொழித் திட்டங்கள்: பட்டயமும் ஏற்பும்

1. முன்னுரை

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' நான்கு பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் முதற்பகுதி சிறுவர் நூலாகப் பெரிதும் பரவியுள்ளது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் சிறப்பாக நோக்க வேண்டியது மூன்றாம் பகுதியாகும். அதன் ஐந்தாம், ஆறாம் இயல்களில், பால்னிபார்பி நாட்டுத் தலைநகராகிய லகாடோவில் இயங்கும் ஆய்வுக் கழகம் ஒன்று விரித்துரைக்கப்படுகிறது. அக்கழகத்தின் மொழித் திட்டங்கள் எத்தகைய கொள்கையின்மேல் எழுந்தவை, எவ்விடத்தில் பிழைபடுகின்றன, அவற்றைத் தமிழில் பெயர்ப்போர் எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. கழகத்தின் இயல்பு

வானில் மிதக்கும் லபூட்டாத் தீவிற்குச் சென்று ஐந்து மாதம் தங்கிச் சிறிதளவு கணிதம் கற்று மீண்ட சிலர், அரசனிடம் பட்டயம் பெற்று இக்கழகத்தை நிறுவினர் என்பது கதை. ஒரு தெருவின் இருமருங்கும் உள்ள வீடுகளே கழகம். அறைகள் 500க்குக் குறையா. ஒருவர் வெள்ளரிக்காயிலிருந்து கதிரொளியைப் பிரித்தெடுக்க எட்டாண்டுகளாக முயல்கிறார். மற்றொருவர் கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வீடு கட்டும் முறையைக் கண்டுள்ளார். திட்டம் எதுவும் நிறைவேறவில்லை; நாட்டில் விளைநிலம் பாழாயிற்று, வீடுகள் இடிந்தன. எனினும் திட்டமிடுவோரின் ஊக்கம் மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை.

இச்சோதனைகள் பலவற்றிற்கு இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழ்களிலேயே மூலங்கள் உண்டென்பதை மார்ஜரி நிக்கல்சன், நோரா மோலர் ஆகியோர் 1937இல் எடுத்துக்காட்டினர். எனவே ஸ்விஃப்ட் வெறுங்கற்பனையில் இறங்கவில்லை. தம் காலத்து ஆய்வுநடையை உள்ளிருந்து அறிந்தே எழுதினார் எனலாம். லகாடோவில் பட்டயம் உண்டு, பேராசிரியர் உளர், மாணாக்கர் உளர், நிதி வேண்டுகோளும் உண்டு. ஒரு முடிவு தவறென்று காட்டவல்ல வழி ஒன்றுமட்டும் அங்கில்லை.

3. மொழித் திட்டங்கள்

3.1 வினையொழிப்பு

மொழிப் பள்ளியில் பேராசிரியர் மூவர் தம் நாட்டு மொழியைச் சீர்திருத்துவது பற்றி ஆய்கின்றனர். பல அசைச் சொற்களை ஓரசையாகக் குறுக்குவதும், வினைச்சொற்களையும் வினையெச்ச, பெயரெச்ச வகைகளையும் நீக்குவதும் முதல் திட்டம். நினைக்கத்தக்கவை யாவும் பெயர்களே என்பது அதற்குக் கூறப்படும் காரணம். பெயர் பொருளைக் குறிக்கிறது என்பது உண்மை. அவ்வுண்மையை மொழி முழுமைக்கும் நீட்டியதில்தான் பிழை பிறக்கிறது. பெயர்களை மட்டும் அடுக்கினால் ஒரு பட்டியல் கிடைக்கும். யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பன கிடையா.

3.2 சொல்லொழிப்பு

இரண்டாம் திட்டம் சொற்களை அறவே ஒழிப்பது. பேசுந்தோறும் நுரையீரல் தேய்வதால் இது உடல்நலத்திற்கும் உகந்ததாம். சொற்கள் பொருள்களின் பெயர்களே ஆதலின், பேச வேண்டிய பொருள்களையே சுமந்து சென்று காட்டினால் போதும் என்பர். பேச வேண்டியது மிகுந்தால் மூட்டையும் பெருகும். செல்வர் வேலையாட்களைக் கொண்டு சுமப்பர். எல்லா நாட்டினர்க்கும் விளங்கும் பொதுமொழியாக இது அமையும் என்பது மேலும் ஒரு பயனாகக் கூறப்படுகிறது.

இதன் பின்னணியில் 17ஆம் நூற்றாண்டின் கோட்பாடு ஒன்றுள்ளது. அரச கழக வரலாற்றை 1667இல் எழுதிய தாமஸ் ஸ்பிராட், பொருளின் அளவிற்கேற்பவே சொல்லின் அளவும் அமைதல் வேண்டுமென வலியுறுத்தினார். ஜான் வில்கின்ஸ் 1668இல் உலகப் பொருள்களை 40 பெரும்பிரிவுகளாக வகுத்து, அவ்வகுப்பின்மேல் ஒரு பொதுமொழியைக் கட்டினார். லகாடோவின் மூட்டை இக்கோட்பாட்டின் எல்லைநிலை. 'இல்லை', 'ஆனால்', 'நேற்று' என்பவற்றை எம்மூட்டையிலும் கட்ட இயலாது. சொல்லினால் பொருள் அறியப்படுதலேயன்றிச் சொல்லும் அறியப்படும் என்னும் தொல்காப்பியப் பெயரியல் கருத்து ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

3.3 நூலியற்றும் பொறி

இது மொழிப் பள்ளியைச் சார்ந்ததன்று; கருத்தியல் துறைக்குரியது. 20 அடிச் சதுரச் சட்டம் ஒன்றில் பகடையளவு மரக்கட்டைகள் கம்பிகளால் கோக்கப்பட்டுள்ளன. நாட்டுமொழிச் சொற்கள் யாவும், திரிந்த வடிவங்களோடு, அவற்றின்மேல் ஒட்டப்பட்டுள்ளன. 40 மாணாக்கர் 40 கைப்பிடிகளைத் திருக, சொற்களின் வரிசை மாறுகிறது. 36 பேர் படித்துப் பார்த்து, தொடராகத் தோன்றும் மூன்று நான்கு சொற்களைக் கூற, எஞ்சிய நால்வர் எழுதுகின்றனர். நாள்தோறும் ஆறு மணிநேரம் இப்பணி நடைபெறுகிறது. அறிவோ கல்வியோ இல்லாதவரும் மெய்யியல், கவிதை, சட்டம், கணிதம் முதலிய துறைகளில் நூல் எழுதலாம் என்கிறார் பேராசிரியர். இத்தகைய சட்டங்கள் 500 அமைக்க மக்களிடம் நிதியும் வேண்டுகிறார்.

பேராசிரியர் எண்ணாதவர் அல்லர். நூல்களில் இடைச்சொல், பெயர், வினை ஆகியவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டே பொறியை அமைத்ததாகக் கூறுகிறார். அவர் எண்ணியது எது எத்தனை என்பதை. எதன்பின் எது வரும் என்பதையன்று. புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' நூலில் 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு உயிரும் மெய்யும் அடுத்தடுத்து வரும் முறையை 1913இல் மார்க்கோவ் கணக்கிட்டதும், 1948இல் ஷானன் அம்முறையை ஆங்கிலத் தொடர்களுக்கு விரித்ததும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். இன்றைய கணினி மொழி மாதிரிகளை லகாடோப் பொறியோடு ஒப்பிடுவோர் இதனை மறத்தலாகாது. அவை மக்கள் எழுதிய தொடர்களின் வரன்முறையைக் கற்கின்றன. லகாடோப் பொறியோ சொற்களைக் குலுக்குகிறது. எனினும் பொருள் உண்டா என்பதைத் தீர்மானித்தவர் அங்கும் மொழியறிந்த 36 சிறுவரே. பொறியின் புகழ் பேராசிரியருக்குச் சென்றது, மொழியறிவு சிறுவருடையது.

4. ஸ்விஃப்டின் இருநிலை

மொழிக் கழகங்களை எள்ளியவர் தாமே ஒரு மொழிக் கழகத்தை வேண்டியவர் என்பது இப்பகுதியைப் படிப்போர் அறிய வேண்டிய செய்தி. ஆங்கிலத்தைத் திருத்தி நிலைப்படுத்த ஓர் அவை வேண்டுமென 1712இல் ஆக்ஸ்போர்டு பிரபு ராபர்ட் ஹார்லிக்கு அவர் ஒரு முன்மொழிவை எழுதினார். சொற்களைக் குறுக்கும் வழக்கை அதில் கடிந்தார். லகாடோவின் முதல் திட்டத்தில் ஸ்விஃப்டின் இக்குறைபாடு கேலியாக மீண்டும் வருகிறது.

இதற்குமுன் 1710இல் 'டாட்லர்' 230ஆம் இதழில், 'மாப்' போன்ற குறுக்கச் சொற்களைத் தடுக்கத் தாம் பல ஆண்டுகள் முயன்றும் பெரும்பான்மையோரால் தோற்கடிக்கப்பட்டதாக எழுதியிருந்தார். அச்சொல் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. 1755இல் தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், மொழியை மாறாது காக்கும் நோக்குடைய கழகங்களின் முயற்சி பயனற்றுப்போனதை எடுத்துரைத்தார். ஸ்விஃப்டின் முன்மொழிவையும் மறுத்தார்.

இப்பின்னணியில் லகாடோ நிகழ்ச்சி ஒன்று தனிக் கவனத்திற்குரியது. சொல்லொழிப்புத் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வரவில்லை. முன்னோரைப்போலத் தம் நாவினால் பேசும் உரிமை வேண்டுமெனப் பெண்களும் எழுத்தறியாப் பொதுமக்களும் கிளர்ச்சி செய்வோம் என அச்சுறுத்தியதே காரணம். கலிவர் அவர்களை அறிவியலின் பகைவர் என்கிறார். ஆயின் கதைசொல்லியின் கூற்றை ஆசிரியர் கூற்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. கழகத்தின் வரலாற்றில் ஒரு மொழித் திட்டம் பேசுவோரிடம் சோதனைக்குள்ளானது இவ்வொரு முறைதான்; அச்சோதனையில் அது தோற்றது.

5. மொழிபெயர்ப்புக் குறிப்புகள்

(அ) கழகத்தாரைக் குறிக்கும் 'புரொஜெக்டர்' என்னும் சொல் 18ஆம் நூற்றாண்டில் திட்டங்களைக் காட்டிப் பிறர் பொருளைத் திரட்டுவோரையும் சுட்டியது. 1720இல் தென்கடல் கம்பெனியின் பங்குவிலை சரிந்து பலர் பொருளிழந்த நினைவு அக்காலத்தார்க்கு மறையவில்லை. 'அறிஞர்', 'ஆய்வாளர்' எனப் பெயர்த்தால் இக்குறிப்பு அழியும். 'திட்டக்காரர்' ஓரளவு பொருந்தும்.

(ஆ) 'அவர் ஆசிரியர்' என்னும் வினையில்லாத் தொடர் தமிழில் இயல்பானது. ஆகவே, வினையை நீக்குதல் ஆங்கில வாசகர்க்குத் தரும் அதிர்ச்சியைத் தமிழ் வாசகர்க்கு அப்படியே தாராது. எச்சங்களும் சேர்ந்து நீங்குகின்றன என்பதை வெளிப்படக் கூறினால், தமிழ்த்தொடர் முற்றும் குலையும் என்பது விளங்கும்.

(இ) பொறியின் அளவும் கருதத்தக்கது. ஒரு கட்டை அரை அங்குலம் எனக் கொண்டால், 20 அடிச் சட்டத்தின் ஒரு முகத்தில் 480 × 480 = 2,30,400 இடங்கள் அமையும். தமிழில் ஒரே வினையடி காலம், இடம், பால், எச்சம், எதிர்மறை முதலியவற்றால் பல நூறு வடிவங்களைப் பெறும். சில நூறு வினைகளிலேயே சட்டம் நிரம்பிவிடும். மொழி வடிவங்களின் பட்டியலன்று, அவற்றை ஆக்கும் விதிகளின் அமைப்பு என்பதைத் தமிழ் வாசகர் இதனால் எளிதில் உணர்வர்.

(ஈ) 'திரிப்னியா', 'லாங்டென்' என்னும் பெயர்கள் பிரிட்டன், இங்கிலாந்து என்பவற்றின் உரோமன் எழுத்துகளை மாற்றி அமைத்தவை. ஒலிபெயர்த்தால் இவ்வுறவு மறையும். தமிழில் உயிர் மெய்யோடு கூடி ஓரெழுத்தாக நிற்றலே காரணம். தமிழ் வடிவங்களின் எழுத்துகளையே இடமாற்றிப் புதிய பெயர் படைத்தல் பொருத்தமாகும்.

6. முடிவுரை

லகாடோவின் மொழித் திட்டங்கள் ஒவ்வொன்றும் மொழி பற்றிய ஓர் அரையுண்மையில் தொடங்குகின்றன. சொல் பொருளைக் குறிக்கும், சொல்லை எண்ணலாம், சொல் குறுகும். இவை பொய்யல்ல. ஒன்றை முழுமையாகக் கொண்டதும், பேசுவோரிடம் சென்று சரிபாராததுமே குறைகள். அக்கழகத்திற்கு அரசனின் பட்டயம் இருந்தது. மொழி வழங்குவோரின் ஏற்பு இல்லை. கலைச்சொல்லாக்கம், எழுத்துச் சீர்திருத்தம், தரப்படுத்தம் ஆகிய பணிகளில் ஈடுபடும் நிறுவனங்கள் இவ்விரு இயல்களைத் தம் செயல்முறைக்கான உரைகல்லாகக் கொள்ளலாம். வெளியிட்ட சொற்பட்டியலில் எத்தனை சொற்கள் என்பதைவிட, அவற்றுள் எவை வகுப்பறையிலும் அலுவலகத்திலும் செய்தித்தாளிலும் வழங்குகின்றன, எவை கைவிடப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்று கணக்கெடுப்பதே அத்தகைய நிறுவனத்தின் ஆய்வுக்கு நம்பகத்தன்மை தரும்.