கை மாறும் சில்லறை

துருக்கியின் குஷாதாசி துறைமுகத்தில் கப்பல் நின்றதும் பெரும்பாலோர் சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். என் ஓட்டு டோல்முஷுக்குத்தான். ஊருக்குள் சற்று நடந்தால் கிடைக்கும் சிற்றுந்து அது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி, பண்டைய எபேசு நகரின் இடிபாடுகளுக்கு அருகிலுள்ள செல்ச்சுக் ஊருக்குப் போகிறது.

அதன் அழகே காசு கொடுக்கும் முறையில் இருக்கிறது. நடத்துநர் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் பணத்தை முன்னால் இருப்பவரிடம் நீட்டுவார். கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் அது போய்ச் சேரும். மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் இப்படி நம்புவது, எபேசுவின் எந்தச் சலவைக்கல் தூணுக்கும் குறைந்ததல்ல.

எபேசுவின் துருக்கிப் பெயரான 'எஃபெஸ்' என்று சொல்லிவைத்தால் பிரிவுச் சாலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து இடிபாடுகளின் கீழ்வாசலுக்கு நடை. எபேசுவும் ஒருகாலத்தில் துறைமுக நகரம்தான். ஆற்று வண்டல் துறையைத் தூர்த்துவிட, கடல் சில கிலோமீட்டர் விலகிப் போனது. நடந்து போகிறவருக்கே அந்தத் தூரம் உறைக்கும். எபேசுவில் செல்சஸ் நூலகத்தின் முகப்பைப் பார்த்த கையோடு செல்ச்சுக்கில் 14-ஆம் நூற்றாண்டின் ஈசா பே மசூதிக்கும் போய்வாருங்கள். திரும்பும் வண்டியை மட்டும் நிறைய நேரம் கையில் வைத்துப் பிடியுங்கள். தனியாகப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது.