ஸ்ரீ விசையும் இயக்கியின் பொறுப்பும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களையும் தமிழ்99 விசைப்பலகையில் ஷிஃப்டைத் தொடாமல் அடிக்க முடியாது. ஷிஃப்ட் சரியாக விழாவிட்டால் முன்னது ‘ராஊபாளையம்’ ஆகிவிடும், பின்னது ‘ளவில்லிபுத்தூர்’. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மனு, பத்திரம், பால்கோவா டப்பாவின் லேபிள் என்று அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யாத நாளே இருக்காது. திருவில்லிபுத்தூர் என்று எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தமிழ்99 அமைப்பைத் தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அடிக்கடி வராத கிரந்த எழுத்துகளை ஷிஃப்டுக்கு மேலே ஏற்றியது நல்ல முடிவு. அதைவிட நல்லது தானாக விழும் புள்ளி. ‘ல’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்கு, தட்டலை எழுத்தாக மாற்றும் மென்பொருளான இயக்கியே புள்ளி வைத்துவிடும். ‘வில்லிபுத்தூர்’ என்பதில் மூன்று புள்ளிகள் உண்டு. புள்ளி விசையைத் தொடுவது கடைசி ‘ர்’ ஒன்றுக்குத்தான். இதற்கு விலையும் உண்டு. ‘லலிதா’ என்று எழுத நடுவில் ‘அ’ தட்ட வேண்டும். முந்தைய எழுத்தை இயக்கி நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். மவுஸால் வேறிடம் சென்றபின் அது பழையதை மறக்காவிட்டால், வேண்டாத இடத்தில் புள்ளி விழும். ஆனாலும் இந்த விலை நியாயமானது என்பேன்.

சிக்கல் ஸ்ரீ விசையில் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன்பு புழங்கிய திஸ்கி குறியேற்றத்தில் ஸ்ரீ ஒரே குறி. ஒரு விசைக்கு ஒரு குறி என்று கணக்கு நேராக இருந்தது. யூனிகோடில் அது நான்கு குறிகளின் தொடர்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. விண்டோஸுக்கு விசைப்பலகை வடிவமைக்க மைக்ரோசாஃப்ட் தரும் கருவி ஒரு விசைக்கு அதிகபட்சம் நான்கு குறிகளையே அனுமதிக்கிறது. ஸ்ரீ மயிரிழையில் தப்பியது. பேக்ஸ்பேஸோ பல மென்பொருள்களில் ஒவ்வொரு குறியாகத்தான் அழிக்கிறது. ஒரே தட்டலில் வந்த எழுத்தை நீக்க நான்கு தட்டல் வேண்டும். இடையில் நிறுத்தினால் திரையில் ‘ஸ்ர’ தொங்கிக்கொண்டிருக்கும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் வேறு. 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தது. அன்றிலிருந்து ஸ்ரீ என்பதை ‘ஶ’வில் தொடங்குவதே பரிந்துரை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். யூனிகோடின் இயல்பாக்க விதிகளும் இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. இயக்கி எழுதியவர் பழைய தொடரைப் போட்டாரா, புதியதைப் போட்டாரா என்பது தட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. புதிய தொடரைத் தரும் இயக்கியில் ஒரே ஆள் ஒருமுறை ஸ்ரீ விசையையும் மறுமுறை ஸ, புள்ளி, ர, ஈ என்று தனித்தனியாகவும் தட்டினால், ஒரே கோப்பில் இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்கள் உருவாகும். பட்டியலில் இருக்கும் பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்று பதில் வரும்.

விசையை எடுத்துவிட வேண்டும் என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழகிய விரலைத் தண்டித்துப் பயனில்லை. எந்தத் தொடர் வெளிவர வேண்டும் என்பது இயக்கி எழுதுகிறவர்கள் கூடி ஒருமுறை தீர்க்க வேண்டிய காரியம். தனித்தனியாகத் தட்டினாலும் இயக்கி அதே தொடரைத்தான் தர வேண்டும். முந்தைய எழுத்தை நினைவில் வைத்துப் புள்ளி வைக்கத் தெரிந்த இயக்கிக்கு இது புது வித்தையல்ல. ஏற்கெனவே குவிந்துவிட்ட ஆவணங்களுக்கு அது போதாது. அங்கே தேடுபொறியும் தரவுத்தளமும் இரண்டு தொடரையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

அதுவரை, நீதிமன்றத்திலோ நகராட்சியிலோ கணினியில் உங்கள் ஊர்ப் பெயர் கிடைக்கவில்லை என்றால், விசையால் ஒருமுறையும் எழுத்தெழுத்தாக ஒருமுறையும் தட்டித் தேடச் சொல்லுங்கள்.