காலிப் பெட்டியும் கள்ளச் சாட்சியும்

1958-இல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் உயிர் ஒரு காலணிப் பெட்டியில் இருக்கிறது. மெக்சிகோ எல்லையோரச் சிற்றூரில் குண்டு வெடித்துச் செல்வர் ஒருவர் மாள்கிறார். ஐயத்திற்குள்ளான இளைஞன் சாஞ்செஸின் குளியலறையில் மெக்சிகோ அதிகாரி வர்காஸ் தற்செயலாகத் தட்டிவிட்ட பெட்டி வெறுமையாக இருந்தது. சற்று நேரத்தில் அதே பெட்டியில் இரண்டு வெடிகுச்சிகள் 'கிடைக்கின்றன'!

வைத்தவர் காவல் தலைவர் குவின்லன், அவ்வேடமும் வெல்ஸுக்கே. பணத்துக்காகச் சான்று புனைபவர் அல்லர் அவர். மனைவியைக் கொன்றவன் தப்பிய ஆறாப் புண் அவரை அவ்வாறாக்கிற்று.

இறுதியில் சாஞ்செஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வருகிறது. 'அவர் கணிப்பு சரிதானே' என்பாருண்டு. பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களுள் எண்ணும் மார்க்கத்தினர் நாம், நான் உடன்படேன். மேலும், அந்த ஒப்புதல் எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் படம் காட்டவேயில்லை.